பதினஞ்சாம் நம்பர் ஸ்டிக்கர்

இந்தச் சீட்டுக்கு ஆள் வருதுங்களாக்கா? இல்லீங்களா, அப்பாடா. நீங்க நகராதீங்க, ஜன்னலோரமே இருங்க, நான் இப்படி வெளிப்பக்கம் குந்திக்கறேன். பை கொஞ்சம் பெருசு, காலடியில வெச்சுக்கறேன், சித்த பொறுத்துக்கோங்க. ஆளு ஒல்லி, மூட்டை மட்டும் இம்மாம் பெருசு. எங்க போனாலும் அடுத்தவங்க எடத்தை அடைச்சுக்குவேனுங்க்கா, இதுதான் எங்கிட்ட இருக்கற மொத தப்பு. எனக்கே தெரியும். யாராச்சும் சொல்லி நான் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிருவேன்.

தாராபுரந்தானுங்களே? இந்த பஸ்ல ஏறுனா எல்லாரும் தாராபுரந்தான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம்.

எம்பேரு கோகிலவாணி, வாணின்னு கூப்புடுவாங்க. இருவத்துநாலு வயசாகுது. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங். இப்பப் போறது எம்பட சிநேகிதி இந்துஜாவைப் பாக்கறதுக்கு. மூணு வருசம் ஒரே ஹாஸ்டல், ஒரே ரூம். அவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேனுங்க்கா. இது எத்தனாவது தடவைன்னு மட்டும் கேட்றாதீங்க. போன்ல கேட்டாச்சு, மெசேஜ்ல கேட்டாச்சு, வாய்ஸ் மெசேஜ்ல அழுதுக்கிட்டே கேட்டாச்சு, அது பதினொரு நிமிசம். அசையலியே அவ! அதான் நேர்லயே கிளம்பிட்டேன். மைசூர்பா வாங்கியிருக்கேன். லெட்டர் எழுதியிருக்கேன், நாலு தாளு, ரெண்டு பக்கமும்.

இன்னிக்கு அவளுக்கு முக்கியமான நாளுங்க்கா. பல்லடத்துல ஒரு கம்பெனில வேலை கேட்டிருக்கா. அவங்க எங்க சூப்பர்வைசர் திருமூர்த்தி சாருக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போன் போட்டு, புள்ள எப்படின்னு விசாரிப்பாங்க. சாரு நல்லபடியாச் சொன்னா வேலை. இல்லைன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல யாரும் அவளைச் செக்கிங்குக்கு எடுக்க மாட்டாங்க. சட்டையில ஊசி கெடந்ததைப் பாக்காம விட்ட புள்ளைன்னு பேரு வந்துபோச்சு அவளுக்கு. பாவம். அவங்கப்பாவுக்குக் கையி வெளங்காது, தம்பி படிக்கறான், இவ சம்பாத்தியந்தான். அதையெல்லாம் நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. பாருங்க, கழுத்தெலும்பு தெரியுதுங்களா? முன்னாடி இப்படியில்ல நானு.

செக்கிங்னா என்னன்னு தெரியுமுங்களா? தைச்சு வர்ற பீஸை டேபிள்ல விரிச்சுப் போட்டு, டியூப்லைட் வெளிச்சத்துல உள்ளயும் வெளியயும் திருப்பித் திருப்பிப் பாக்கணும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, எது கண்ணுல பட்டாலும் அந்த எடத்துல செகப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாப் போடணும். சரியா இருந்தா நம்ம நம்பர் ஸ்டிக்கரை உள்பக்கம் ஒட்டி அனுப்பணும். ஆளுக்கு ஒரு நம்பர். நான் பதினாலு, இந்துஜா பதினஞ்சு, பக்கத்துப் பக்கத்துல நிப்போம். பின்னால ஏதாச்சும் கோளாறுன்னா அந்த நம்பரை வெச்சு ஆளைப் புடிச்சுருவாங்க.

தப்புக் கண்டுபுடிக்கறதுல நான் கெட்டிக்காரிங்க்கா. அதே கண்ணை வெச்சுத்தான் என்னையும் பாத்துக்குவேன். டைரி வெச்சிருக்கேன். அன்னன்னிக்கு நான் பண்ணுன தப்பை நம்பர் போட்டு எழுதிருவேன். சத்தமாச் சிரிச்சேன். வார்டன் அக்காவைப் பாத்து வணக்கம் சொல்லல. ஊட்டுக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன். இப்படி. எங்க வார்டன் அதைப் படிச்சுப் பாத்துட்டு, இந்த வயசுல இத்தனை பக்குவமான்னு அசந்து போயிட்டாங்க. நெசமாத்தானுங்க்கா. மத்த புள்ளைங்களைக் கூப்புட்டுச் சொன்னாங்க, வாணியைப் பாத்துக் கத்துக்கோங்கடின்னு. எனக்கு அதுல கர்வமெல்லாம் இல்லீங்க. கர்வம் வந்துச்சுன்னா அதையும் எழுதிக்குவேன்.

இது சின்னதுல இருந்தே வந்த பழக்கம். எங்கம்மா சட்டுன்னு கையை ஓங்கிரும். கரண்டியோ வெளக்குமாறோ, கையில கெடைக்கறதுதான். நான் என்ன பண்ணுவேன், அம்மா வாயைத் தொறக்கறதுக்குள்ள, "நான் எதுக்கும் லாயக்கில்லாதவம்மா, என்னை எங்கயாச்சும் கொண்டுபோய் உட்ருங்கம்மா"ன்னு ஓன்னு அழுதுருவேன். அம்மா கரண்டியைக் கீழ வெச்சுப்போட்டு, "அழுவாத கண்ணு, போயி மூஞ்சியைக் கழுவு"ன்னு சொல்லிரும். என்ன ஒடைச்சேன், எதைக் கொட்டுனேன்னு அப்புறம் கேக்கவே கேக்காது. எந்தம்பிக்கு இந்த சூட்சுமம் தெரியாம அடி வாங்கியே வளந்தான்.

என்னுங்க்கா எந்திரிக்கறீங்க? வெயிலுங்களா? உக்காருங்க, இந்தத் திருப்பம் தாண்டுனா வெயில் அந்தப் பக்கம் போயிரும். பையை மிதிச்சுறாதீங்க, மைசூர்பா இருக்குது. ம், உக்காருங்க.

எங்க உட்டேன்? ஆங், அந்த வெள்ளிக்கிழமை. கொழந்தைங்க போடற சட்டை, சின்னச் சின்னதா, கையளவுதான் இருக்கும். சனிக்கிழமை லோடு போவணும். சாரு ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா வந்து "ஓட்டுங்கம்மா ஓட்டுங்கம்மா"ன்னு கத்தறாரு. அன்னிக்கு எனக்குத் தலைவலி வேற. சாயங்காலம் என்னோட ஸ்டிக்கர் தீந்துபோச்சு. ஐநூறு ஸ்டிக்கர் ஒரு ரோலு. புதுசு வேணுமின்னா கீழ ஸ்டோருக்குப் போவணும், அந்த ஸ்டோர்காரரு காலி ரோலைக் கொண்டாந்தாத்தான் தருவேம்பாரு, அதைத் தேடோணும். அக்கப்போருங்க்கா! இந்துஜா அப்பத் தண்ணி குடிக்கப் போயிருந்தா. அவ ரோலு டேபிள்ல கெடந்துச்சு. கொஞ்சம் கிழிச்சு ஒட்டிக்கிட்டேன். கேட்டாக் குடுக்காம இருக்க மாட்டா, கேக்கறதுக்குத்தான் நேரமில்ல. அவசரத்துக்கு எல்லாப் புள்ளைங்களும் பண்றதுதான். இது ஒரு பெரிய விசயமில்ல, சும்மா வந்த வாக்குல சொல்றேன்.

பெரிய விசயம் செவ்வாக்கெழமை வந்துச்சு. வெளியில இருந்து வந்து பாக்கறவங்க ஒரு சட்டையில ஒடைஞ்ச ஊசி முனையைப் புடிச்சுட்டாங்க. கழுத்துப் பட்டைக்குள்ள. பச்சக் கொழந்தை போடற சட்டை! லோடு மொத்தமும் திரும்பிருச்சு. திருப்பிப் பாத்தா ஸ்டிக்கர் நம்பர் பதினஞ்சு.

திருமூர்த்தி சாரு வந்தாரு பாருங்க, மூஞ்சி செவந்துபோயி. நூத்தம்பது பேரு நிக்கறோம், அத்தனை பேரு முன்னாடி இந்துஜாவைப் புடிச்சுக் கேட்டாரு, கண்ணு என்ன பொடனிலயா இருக்குதுன்னு. அவ, "சார், இது நான் பாத்த பீஸ் இல்ல சார்"ன்னா. "நம்பர் உன்னுதுதான?"ன்னாரு. "நம்பர் என்னுதுதான் சார், ஆனா..."ன்னா. அவ்வளவுதான், ஆனா ஆவன்னாவெல்லாம் எங்கிட்ட வேண்டாம், நாளையிலிருந்து வராதேன்னுட்டாரு.

என்னால தாங்க முடியலீங்க்கா. அப்படியே ஓடிப்போயி நடுவுல நின்னு, "சார், எல்லாம் என்னாலதான் சார், நான் சரியில்ல சார், எனக்கு இங்க நிக்கவே யோக்கியதை இல்ல சார்"னு கத்தி அழுது, கீழ உழுந்துட்டேன். மெசினை நிறுத்திப்போட்டு எல்லாரும் ஓடியாந்தாங்க. தண்ணி தெளிச்சாங்க, சோடா வந்துச்சு. சாரே பதறிப்போயிட்டாரு. "இந்தப் புள்ளைக்கு என்ன மனசு பாரு, சிநேகிதிக்காகப் பழியைத் தூக்கித் தம்மேல போட்டுக்குது"ன்னு எல்லாருகிட்டயும் சொன்னாரு. இந்துஜா மட்டும் அவ டேபிள்கிட்டயே நின்னுக்கிட்டிருந்தா. என்னையே பாத்தா. நான் எந்திரிச்சு உக்காந்தப்பறம் என்னோட சாப்பாட்டுப் பையை எடுத்துக் கையில குடுத்தா.

அன்னிக்கு ரூமுக்குப் போயி அழுதேன் பாருங்க, நெஞ்சு வலிக்க. அவதான் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தா. டீ போட்டுக் குடுத்தா. வேலை போனது அவளுக்கு! டீ போட்டுக் குடுத்தது அவ! அப்பேர்ப்பட்ட புள்ள. அதை நெனச்சு இன்னும் அழுதேன். கொஞ்ச நேரங்கழிச்சு மெதுவாக் கேட்டா, "வாணி, வெள்ளிக்கிழமை என் ரோலுல இருந்து எடுத்தியா?"ன்னு. நான் சொன்னேன், "எல்லாமே எந்தப்புதாண்டி, நான் ஒரு பாவி, உனக்கு நான் சிநேகிதியா வந்ததே தப்பு"ன்னு. "அதைக் கேக்கல, எடுத்தியா இல்லியா?"ன்னா மறுக்கா. எனக்கு அப்பவே காய்ச்சல் வர்ற மாதிரி ஆயிருச்சுங்க்கா. வந்தும் போச்சு. நூத்திரெண்டு. மூணு நாளு அவதான் ரசஞ்சோறு கரைச்சு ஊட்டுனா. நாலாம் நாளு பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டா.

ஏனுங்க்கா, மறுக்கா எந்திரிக்கறீங்க? கால் மரத்துப்போச்சுங்களா? பை எடைஞ்சலா இருக்குதுங்களா? எனக்குத் தெரியும், எடைஞ்சல்தான், நான் எப்பவும் இப்படித்தான் பண்ணுவேன், என்னை நாலு சாத்துச் சாத்தோணும். பாருங்க, உங்களையும் சங்கடப்படுத்திட்டேன். பரவால்லீங்களா? நெசமாப் பரவால்லீங்களா? நல்ல மனசுங்க்கா உங்களுக்கு. உக்காருங்க.

அவ போனப்பறம் என்னாச்சு தெரியுமுங்களா, போன வாரம் என்னை டேபிள் லீடராப் போட்டுட்டாங்க. நான் வேண்டான்னுதான் சொன்னேன். எனக்கு அந்தத் தகுதி இல்ல சார்னு எத்தனையோ சொன்னேன். "இப்படிச் சொல்றே பாரு, அதுக்குத்தாம்மா உனக்கு"ன்னுட்டாரு. என்ன பண்ணச் சொல்றீங்க? திங்கக்கிழமை புது டேபிள்ல நிக்கோணும். வேலையை உட்டுட்டும் போக முடியல. அங்க நின்னு அவளோட காலி எடத்தைப் பாக்கவும் முடியல. ரூம்ல அவ கட்டில் சும்மா கெடக்குது, அதைப் பாத்துக்கிட்டே படுக்கோணும். எந்தப் பக்கம் திரும்புனாலும் செவுரு. செயிலுக்குள்ள இருக்கறவங்களுக்காச்சும் இத்தனை வருசம்னு ஒரு கணக்கு இருக்கும். மூணு மாசமா நான் என்னைத் திட்டாத நாளில்லீங்க்கா. இத்தனை திட்டுனப்பறமும் ஏன் லேசாக மாட்டேங்குதுன்னு எனக்கு வெளங்கல.

நேத்து அவ ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தா. பாருங்க, இதான். "சார்கிட்ட நடந்ததை ஒரே ஒரு தடவை சொல்லு. நாளைக்கு நாலு மணிக்குள்ள. வேற ஒண்ணும் வேண்டாம்." அவ்வளவுதான். வாணின்னுகூடப் போடல. இதைப் படிச்சு எனக்கு மனசு ஒடைஞ்சு போச்சு. மூணு வருச சிநேகிதம், ஒரு போன்ல முடியற விசயங்களா? நேர்ல போயி, கையைப் புடிச்சு, மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டுனாத்தான முறை? அதான் காலையிலயே லீவு சொல்லிட்டு ஓடியாறேன்.

கண்டக்டர் ஏன் இந்தக் கத்து கத்தறாரு? குண்டடமாமா. வந்தா வந்துட்டுப் போகுது, அதுக்கு ஏனுங்க்கா எந்திரிக்கறீங்க? தாராபுரம் இன்னும் இருக்குது. எறங்கறவங்க எறங்கட்டும், நீங்க உக்காருங்க. இருங்க இருங்க, உங்களுக்கு அந்த லெட்டரைப் படிச்சுக் காட்டறேன். ஒரு நிமிசந்தான். உங்க மூஞ்சியைப் பாத்தா மனசுல பட்டதைச் சொல்றவங்க மாதிரி இருக்குது. எப்படி இருக்குதுன்னு நீங்கதான் சொல்லோணும். இந்தாங்க, கேளுங்க.

"அன்புள்ள இந்துவுக்கு, மன்னிக்க முடியாத வாணி எழுதிக்கொள்வது. நான் உனக்குச் செய்த தப்புகள் கீழே." டைரியில இருந்து எடுத்து எழுதுனது, நாப்பத்தோரு தப்பு. "ஒண்ணு, உன் பொறந்த நாளை மறந்தேன். ரெண்டு, உன் பச்சைத் துப்பட்டாவைச் சொல்லாமல் போட்டுக்கொண்டு போனேன். மூணு, நீ தூங்கும்போது லைட்டைப் போட்டேன். நாலு, உன்னைவிட எனக்கு அதிகம் பீஸ் ஓடவேண்டும் என்று நினைத்தேன்." இப்படியே போகுதுங்க்கா. பதினேழாவது படிச்சா உங்களுக்கே அழுகை வந்துரும். கடைசியா, "நாற்பத்தொண்ணு, நான் பிறந்தேன்"னு முடிச்சிருக்கேன். அதை எழுதறப்ப எனக்கே கண்ணு மறைச்சுருச்சு.

என்னுங்க்கா கேட்டீங்க?

அந்த ஸ்டிக்கர் எத்தனாவதுன்னா?

எந்த ஸ்டிக்க... ஓ. அதுங்களா. இருங்க, இருக்கும். இல்லாம இருக்குமா? இங்கதான் எங்கியோ. பதினொண்ணு, அவ சோப்பு. பதினஞ்சு, அது அவ அம்மாவைப் பத்தி நான் சொன்னது. இருவத்தி... இந்தப் பக்கம் இருக்கும். முப்பது. முப்பத்தாறு.

இல்லீங்க்கா.

ரெண்டாந்தரம் பாத்துட்டேன். இல்ல.

டைரியிலயும் இல்லீங்க. அன்னிக்கு வெள்ளிக்கிழமை என்ன எழுதுனேன்னு ஞாபகம் இருக்குது. "இன்று தலைவலி என்று சலித்துக்கொண்டேன்." அதான் எழுதுனேன். செவ்வாக்கெழமை ரெண்டு பக்கம் எழுதுனேன். அதுல ஸ்டிக்கர்ங்கற சொல்லே வரல.

இத்தனையும் எழுதிப்போட்டு அதை உட்டிருக்கேன். உட்டிருக்கேனா, ஒளிச்சிருக்கேனா? எனக்கே தெரியலீங்க்கா. நாப்பத்தோரு செகப்பு அம்பு ஒட்டியிருக்கேன், ஓட்டை இருக்கற எடத்தை உட்டுப்போட்டு.

பேசாதீங்க்கா, ஒண்ணும் சொல்லாதீங்க. நான் இப்ப அழுகப் போறதில்ல. போன் பண்றேன். திருமூர்த்தி சாருக்குத்தான். நீங்க பக்கத்துலயே இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். ரிங் போகுது.

சார். சார், வாணி பேசறேன் சார். பதினாலு. ஒரு விசயம் சார். அந்த ஊசி இருந்த பீஸு நான் பாத்தது சார். என்னோட ஸ்டிக்கர் தீந்துபோச்சு, இந்துஜா ரோலுல இருந்து கேக்காம எடுத்து ஒட்டுனேன். அவ டேபிள்ல இல்ல அப்ப. ஆமாங் சார். இல்லீங் சார், நான்தான் சார். சார், நான் சொல்றதை... சார்?

கேட்டீங்களாக்கா? கேட்டீங்களா அவரு சொன்னதை? "ஏம்மா, நீ மறுக்கா ஆரம்பிச்சுட்டியா? அந்தப் புள்ளைக்கு வேலை வாங்கித் தரோணும்னு பழியைச் சொமக்கற, உம்பட மனசு எனக்குத் தெரியாதா? போயி நல்லாச் சாப்புடு, திங்கக்கிழமை தெம்பா வா." வெச்சுட்டாரு. சிரிச்சுக்கிட்டே வெச்சுட்டாருங்க்கா.

நம்ப மாட்டேங்கறாரு. மூணு மாசமா ஒரு நாளைக்குப் பத்துத் தடவ எந்தப்பு எந்தப்புன்னேன், அத்தனையும் தலையில வெச்சுக் கொண்டாடுனாங்க. இன்னிக்கு நெசமான தப்பைச் சொன்னா அதையும் அதோட சேத்துப் போட்டுட்டாரு. நானே கட்டுன செவுருங்க்கா. எங்க தட்டுனா தொறக்கும் இது? நாலு மணிக்கு அவங்க போன் பண்ணுவாங்க. இவரு, "ஊசி விட்ட புள்ள, வேண்டாம்"பாரு.

இருங்க. டேலி நோட்டு இருக்குது. ஒருத்தொருத்தரும் எத்தனை பீஸ் பாத்து ஸ்டிக்கர் ஒட்டுனோம்னு பொழுதோட எழுதிக் கையெழுத்துப் போடற நோட்டு, சாரு பீரோவுலதான் இருக்கும். அன்னிக்கு நான் அறநூத்தி இருவதுன்னு எழுதியிருக்கேன். பெருமையா எழுதுனேன், அதான் ஞாபகம். என்னோட ரோலுல இருந்தது ஐநூறுதான். காலையிலதான் புது ரோலு வாங்குனேன், ஸ்டோர்ல பதிவாயிருக்கும். மிச்சம் நூத்தி இருவது எந்த நம்பர்ல போச்சுன்னு அவரையே கேக்கச் சொல்றேன். அதை அவரால சிரிச்சுட்டு வெச்சுற முடியாது. நேர்லதான் போகோணும். இப்பவே திரும்புனா ஒண்ணரைக்குள்ள திருப்பூர். அழுகக் கூடாது. அழுதா சோடா வாங்கிக் குடுத்து அனுப்பிருவாங்க.

நான் இங்கயே எறங்கிக்கறேனுங்க்கா. நீங்க... நீங்க எங்கீங்க்கா எறங்கோணும்?

குண்டடமா?

எப்ப? அப்பவே, கண்டக்டர் கத்துனப்பவா? காதுகுத்துங்களா? நீங்கதான் அத்தைங்களா! பதினொண்ணரைக்கு முகூர்த்தமா? மடியில சீர்த்தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, அதைக்கூட நான் பாக்கலியே! அய்யோ, அய்யய்யோ, நானெல்லாம் ஒரு மனுசியா, என்னை மாதிரி ஒரு...

இல்ல. இருங்க. அதை உடுங்க.

மூணு தடவ எந்திரிச்சீங்க. மூணு தடவையும் உக்கார வெச்சது நான். பையைக் குறுக்க வெச்சு வழியை மறிச்சதும் நான். நீங்க எங்க போகோணும்னு ஒரு வார்த்தை கேக்கல. அதான் நடந்தது.

அண்ணா! கண்டக்டரண்ணா! விசிலடிங்க, ரெண்டு பேரு எறங்கோணும்! ஸ்டாப் இல்லைன்னா என்னங்ணா, காதுகுத்துக்குப் போறவங்க, நிறுத்துங்க.

தட்டை இங்க குடுங்க, நான் புடிச்சுக்கறேன், நீங்க பாத்து எறங்குங்க. இந்தாங்க, இந்த மைசூர்பாவைக் கொழந்தைக்கு... வேண்டாம், நானே வெச்சுக்கறேன். இதைக் குடுத்தா நீங்க பரவால்ல கண்ணுன்னு சொல்லிருவீங்க.

பதினொண்ணு பத்துதான் ஆகுது. எதுத்தாப்புல வர்றது திருப்பூர் பஸ்தான், குண்டடத்துலயும் நிக்கும், எனக்கும் அதேதான். ஓடியாங்க்கா. இந்தத் தடவ ஜன்னலோரம் நான் உக்காந்துக்கறேன், நீங்க வெளிப்பக்கம் உக்காருங்க.